துழாவ மறந்த வெள்ளீயம்

எங்கள் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பராக்குப் பார்க்கிறவள். பள்ளிக்கூடத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்து அடி வாங்கியவள். தாலி கட்டும் நேரத்தில், ஐயர் வளர்த்த நெருப்பின் அடி ஏன் நீலமாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்து, "தலையைக் குனி பிள்ளை" என்று எல்லோருக்கும் முன்னால் பேச்சு வாங்கியவள். நீங்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள். ஜேர்மனியில், ஆஹென் நகரத்தில் படித்து, எர்லாங்கனுக்கும் ஹம்பேர்க்குக்கும் வேலைக்குப் போயிருக்கிறவர்கள். போன மாத ஒன்றுகூடலில் என்னைப் பிடித்து உட்கார வைத்து, "உங்கட வேலையில மறக்கேலாத சம்பவம் ஒண்டு சொல்லுங்கோ அக்கா" என்று கேட்டீர்கள். உடைந்த அச்சு, வெடித்த குழாய் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் ஆய்வு அறிக்கைகளில் இருக்கிறது, எடுத்து வாசித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது நான் பொறியியலாளராவதற்கு முதல், பல்கலைக்கழக வாசலுக்கு வெளியே நின்ற ஒரு வருடத்தைப் பற்றி.

அப்போது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. யூரோ வந்து கொஞ்சக் காலம், சில்லறைகள் எல்லாம் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தன. ஆஹெனுக்கு வெளியே, உருக்குக்குப் பதமேற்றும் ஒரு பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பற்சக்கரம், கத்தி, ஆணி என்று வருகிற சாமான்களைக் கூடையில் அடுக்கி உலைக்குள் தள்ளுவோம். சிவக்கப் பழுத்ததும் எடுத்து எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்ப்போம். அகதியாக வந்தவர்களுக்கு அந்த நாளில் கிடைத்த வேலைகளில் அது நல்ல வேலை. மாரிகாலத்தில் இன்னும் நல்ல வேலை. உலைக் கதவு திறக்கும்போதெல்லாம் இரும்பின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன். முதலில் கருஞ்சிவப்பு, பிறகு இரத்தச் சிவப்பு, பிறகு பழுத்த பப்பாசியின் நிறம். அதே இரும்பு தண்ணீரில் விழுந்தால் பிறகு ஒரு தட்டுக்கு உடைகிறது, எண்ணெயில் விழுந்தால் வளைந்து கொடுக்கிறது. ஏன் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "அது அப்படித்தான்" என்றார். அந்த "அப்படித்தான்" பல வருடம் எனக்குத் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

என் கணவர் ஒரு தொழிற்சாலை உணவகத்தில் சமையற்காரர். ஒருநாள் வீட்டில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டே சொன்னார்: "இஞ்சாரும், உமக்கு உந்த இரும்பு விசர் மாறாது. போய்ப் படிச்சுப்போட்டு வாரும். நானும் நிம்மதியாச் சமைக்கலாம்."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன்.

ஜேர்மனியில் வெளிநாட்டுச் சான்றிதழோடு வருகிறவர்களை நேரே பல்கலைக்கழகத்துக்குள் விடமாட்டார்கள் என்பது உங்களில் இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஸ்டூடியன்கொலெக் என்ற ஆயத்த வகுப்பில் ஒரு வருடம் இருந்து, கணக்கும் பௌதிகமும் இரசாயனமும் ஜேர்மன் மொழியில் மறுபடி படித்து, கடைசியில் பரீட்சை எழுத வேண்டும். தேறினால்தான் வாசல் திறக்கும். யாழ்ப்பாணத்தில் எடுத்த உயர்தரச் சான்றிதழ் என்னிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு, பொருளறிவியல் படிக்கப் போகிறேன் என்று பதிந்தேன். உலோகமும் பீங்கானும் பிளாஸ்டிக்கும் ஏன் அப்படி அப்படி இருக்கின்றன என்று படிக்கிற படிப்பு. மேற்பார்வையாளர் நல்ல மனிதர். "ஒரு வருடத்துக்கு உன் இடத்தை வைத்திருப்பேன். அதற்கு மேல் என்னால் முடியாது" என்றார். ஆகவே கணக்கு எனக்கு இலேசாக விளங்கியது. தேறினால் பல்கலைக்கழகம், தவறினால் திரும்பவும் உலைவாசல். இரண்டாம் தரம் முயல எனக்கு வயதும் இல்லை, லீவும் இல்லை.

முதல்நாள் வகுப்பு வாசலில் நின்று, கணவரோடு கைத்தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தேன். பங்குனி மாதம். சுவெட்டருக்கு மேல் சுவெட்டர் போட்டு, தலையைத் துணியால் இறுக்கிச் சுற்றிய ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் தமிழ் கதைப்பதைக் கேட்டதும் அவளுடைய முகம் மலர்ந்துவிட்டது.

"ஆன்ட்டி, கிளாஸ் ரூம் சாவி உங்ககிட்டயா இருக்கு?"

"நான் சாவிக்காரி இல்லைப் பிள்ளை. நானும் படிக்கத்தான் வந்தனான்."

"அய்யய்யோ! சாரி ஆன்ட்டி, சத்தியமா தெரியாது!"

"ஆன்ட்டியும் வேண்டாம். அக்கா எண்டு சொல்லு. இல்லாட்டி உனக்குப் பக்கத்தில இருக்க மாட்டன்."

நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அவள்தான் நஸ்ரின். திருச்சிக்காரி, பத்தொன்பது வயது. அவளுடைய அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் சொல்லுவாள், இரும்பு பீரோ செய்யும் கடை. இவளுக்கோ விமானத்து உலோகம் படிக்க ஆசை. மொழி படிக்கவென்று முந்திய வருடமே வந்துவிட்டாளாம். அந்த வருடத்து நத்தார்ச் சந்தையில், கிறிஸ்மஸுக்குப் போடுகிற கடைகளில், வாங்கிய ஒரு சாமானை எப்போதும் கோட்டுப் பையில் வைத்திருப்பாள். சிவப்பு நிறத்தில், இதய வடிவத்தில், உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பை. உள்ளே தண்ணீர் போல ஏதோ, அதற்குள் ஒரு சின்னத் தகடு. தகட்டை அமத்தினால் பை சூடாகிவிடும். குளிருக்குக் கையை அதில் வைத்துக்கொள்வாள். சூடு தீர்ந்ததும் அடுத்தநாள் காலையில் நூடில்ஸ் அவிக்கிற தண்ணீரில் போட்டெடுத்தால் மறுபடி தண்ணீராகிவிடும். அதை நான் ஒரு விளையாட்டுச் சாமானாகத்தான் நினைத்திருந்தேன்.

மொரோக்கோ, வியட்நாம், கமரூன், ஈரான் என்று வகுப்பு முழுக்க உலகம் இருந்தது. தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான். செய்முறை வகுப்பில் இருவர் இருவராக வேலை செய்ய வேண்டும் என்றபோது நஸ்ரின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவம், என்ன கிரகத்தைப் பிடித்திருக்கிறாள் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

செய்முறை ஆசிரியைக்கு என்னைவிட வயது குறைவு. பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, விடுகிறேன். மெல்லிய குரல். எவர் என்ன கேட்டாலும் சரி என்றும் சொல்லமாட்டார், பிழை என்றும் சொல்லமாட்டார். "நீங்கள் என்ன பார்த்தீர்கள்?" என்று திருப்பிக் கேட்பார். முதல் வகுப்பிலேயே எங்களைத் தூறல் மழையில் வெளியே கூட்டிக்கொண்டுபோய், பேருந்துத் தரிப்பிடத்துக் கம்பத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு அதைத்தான் கேட்டார். கம்பம் என்றான் ஒருவன். துருப்பிடிக்காமல் துத்தநாகம் பூசிய இரும்பு என்றான் மற்றவன். நான் கிட்டப்போய்ப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் இலை இலையாகப் பூக்கள். ஒன்று வெளிச்சம், பக்கத்தில் ஒன்று நிழல். நான் தலையைச் சரித்ததும் வெளிச்சம் நிழலாகி, நிழல் வெளிச்சமாகியது. எனக்குத் தெரிந்த ஜேர்மனில் அதைச் சொன்னேன். "ஒவ்வொரு பூவும் ஒரு படிகம்" என்றார் அவர், வேறொன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஆஹென் நகரத்துக் கம்பம் ஒன்றையும் நான் விட்டுவைக்கவில்லை. தடவிப் பார்ப்பேன், மழையில் பார்ப்பேன், வெயிலில் பார்ப்பேன். பேருந்து வரும், நிற்கும், நான் ஏறாமலே போய்விடும். மூடுபனி இறங்கும் காலைகளில் கம்பத்தின் மேல்பாதி தெரியாது. பூக்கள் ஆகாயத்திலிருந்து இறங்கி வருகிற மாதிரி இருக்கும். பட்டறையில் இத்தனை வருடம் இரும்போடு இருந்தும் அதற்குள் இப்படி ஒரு தோட்டம் இருக்கிறதென்று தெரியாமல் போயிற்றே என்று நினைத்து ஒருநாள் அங்கேயே நின்று அழுதேன். துக்கமில்லை, சந்தோசம்தான்.

சந்தோசம் செய்முறைப் பரீட்சைப் புள்ளியில் தெரியவில்லை.

முதல் அரையாண்டுச் செய்முறைப் பரீட்சையில் எங்களுக்கு வெடியுப்புக் கரைசல் கிடைத்தது. சூடான கரைசலை ஆறவிட்டு, எந்த வெப்பநிலையில் முதல் படிகம் தோன்றுகிறது என்று குறிக்க வேண்டும். கண்ணாடிக் குவளையைப் பார்க்கிற வேலை எனக்கு. வெறும் தண்ணீராக இருந்ததற்குள் ஒரு வெள்ளை ஊசி வந்தது. எங்கிருந்து வந்தது? பிறகு இன்னொன்று. பிறகு ஊசிகள் மழையாக இறங்கத் தொடங்கின. வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். நஸ்ரின், "அக்கா, டெம்பரேச்சர் எவ்வளவு?" என்று கேட்டபோது குவளையின் அடி நிறைந்து போயிருந்தது. நான் வெப்பமானியைப் பார்க்கவே இல்லை. இருவருக்கும் ஐந்து. இங்கே ஒன்றுதான் உச்சம், ஐந்து என்றால் தோல்வி.

இரண்டாம் செய்முறையிலும் தவறினால் இறுதிப் பரீட்சைக்கு விடமாட்டார்கள். நஸ்ரினுக்கு அது என்னைவிடக் கடுமை. தவறினால் அவளுடைய மாணவர் விசா போய்விடும், ஊருக்குத்தான் திரும்ப வேண்டும். அத்தா ஊரெல்லாம் சொல்லிவிட்டு அனுப்பிய பிள்ளை அவள். அன்றைக்கு என்னோடு அவள் கதைக்கவில்லை. அடுத்தநாள் வந்து ஒரு சட்டம் போட்டாள்.

"இனிமே நீங்க வேற எங்கயும் பாக்கக் கூடாதுக்கா. மீட்டரை மட்டும் பாருங்க. ரீடிங்கை வாயால சொல்லுங்க. எழுதுறது எல்லாம் நான்."

"ஓம் பிள்ளை."

"சும்மா ஓம் ஓம்னு மந்திரம் சொல்லாதீங்க. சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் பண்ணினேன்.

கடைசிச் செய்முறை தை மாதத்தில் வந்தது. வெளியே பகலிலேயே விளக்குப் போட வேண்டிய சாம்பல் நாள். எங்களுக்கு விழுந்தது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவார்களே, அதுதான். அதை உருக்கி, ஆறவிட்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். வெப்பநிலை இறங்கிக்கொண்டே வந்து, உலோகம் இறுகத் தொடங்கும் இடத்தில் அசையாமல் நிற்கும். முழுக்க இறுகியபின் மறுபடி இறங்கும். நிற்கிற இடம் இருநூற்று முப்பத்திரண்டு பாகை. அது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. செய்முறைத் தாளில் ஒரு வரி: ஆறும்போது கம்பியால் மெதுவாகத் துழாவிக்கொண்டே இருக்கவும். மீட்டரைப் பார்த்து வாசிப்பதும் துழாவுவதும் என் வேலை.

தொடக்கத்தில் ஒழுங்காகத்தான் துழாவினேன். பிறகு தெரியாத்தனமாக உலோகத்தின் முகத்தைப் பார்த்துவிட்டேன். அழுக்கெல்லாம் ஒதுங்கிப்போய் நடுவில் ஒரு துண்டுக் கண்ணாடி. அதற்குள் எங்கள் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்குள் மரத்தின் மொட்டைக் கொப்பு, கொப்புக்கு மேல் மெல்ல நகர்கிற முகில். பதமேற்றும் உலைக்கு முன்னால் நின்ற நாட்களில் எப்போதும் நெருப்பைத்தான் கண்டிருக்கிறேன். உருகிய உலோகத்துக்குள் ஆகாயம் இருக்குமென்று நினைத்ததில்லை. கம்பி என் கையில் சும்மா நின்றது. ஆனால் சத்தியத்தை மறக்கவில்லை. ஒரு கண் மீட்டரில், ஒரு கண் முகிலில்.

"இருநூற்று முப்பத்தாறு. இருநூற்று முப்பத்து மூண்டு. இருநூற்று முப்பது."

"அக்கா, முப்பத்திரண்டுல நிக்கணுமே?"

"நிக்கேல்லை. இருபத்தேழு. இருபத்து நாலு."

"சரியாப் பாருங்கக்கா!"

"பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். இன்னும் தண்ணியாத்தான் கிடக்கு. இருபத்தொண்டு."

அப்போது முகில் உடைந்தது. பாத்திரத்தின் விளிம்பில் ஒரு வெள்ளைப் பொட்டு. அதிலிருந்து இலை விரிகிற மாதிரி உறைபனி ஓடிவந்து ஜன்னலையும் கொப்பையும் மூடியது. ஒரு மூச்சு நேரம்தான். மீட்டரைப் பார்த்தேன். எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. இருபத்தாறு, இருபத்தொன்பது, முப்பத்தொன்று. முப்பத்திரண்டில் போய் அசையாமல் நின்றுகொண்டது. அடுப்பு அணைத்த உலோகம், ஆறிக்கொண்டிருந்த உலோகம், தானாகச் சூடாகியிருக்கிறது!

"பிள்ளை, கண்டனியோ?"

"என்னத்தக் காண? ஏதோ லூஸ் கனெக்ஷன்." பிறகுதான் என் கையைப் பார்த்தாள். "அக்கா, நீங்க கிண்டவே இல்லையா?"

சுற்றிப் பார்த்தோம். மற்றவர்கள் எல்லோரும் ஒழுங்காகத் துழாவியிருந்தார்கள். எல்லோருடைய கோடும் இறங்கிவந்து முப்பத்திரண்டில் மேசை போலப் படுத்திருந்தது. எங்களுடையது மட்டும் கிணற்றுக்குள் விழுந்து ஏறியிருந்தது. மறுபடி செய்ய நேரம் இல்லை. அறிக்கையைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும், கொடுத்த கையோடு வாய்மொழிப் பரீட்சை.

பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் நஸ்ரின் குரலைத் தாழ்த்தினாள்.

"அஞ்சாறு ரீடிங்தான்க்கா. அதையெல்லாம் முப்பத்திரண்டுன்னு போட்டுட்டா வேலை முடிஞ்சுது. எங்க ஸ்கூல்ல எல்லாரும் இப்படித்தான். ஆன்சர் தெரியும்ல, பின்னாடியிருந்து போட்டுக்கிட்டு வரணும்."

இதை நீங்கள் சிரிக்காமல் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்திலும் அதே வழக்கம்தான். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் ஊசல்கூடப் பாடப்புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் ஆடும். புவியீர்ப்புக்கு எல்லோருக்கும் ஒரே விடை வரும், வராதவன் மொக்கன். யாரும் அதைக் களவென்று நினைத்ததில்லை. பெரியவர்கள் கண்டுபிடித்து வைத்த எண்ணுக்கு நாங்கள் காட்டுகிற மரியாதை என்றுதான் நினைத்தோம். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வந்த நாங்கள் இரண்டு பேரும் அந்த ஒரு பாடத்தில் மட்டும் நன்றாகத் தேறியவர்கள்.

"அது நடந்தது பிள்ளை. நான் கண்ணால கண்டனான்."

"நீங்க கண்டதுக்கு யாரு மார்க் போடுவாங்கக்கா? போன தடவையும் கண்டீங்க. அஞ்சு வந்துச்சு. உங்களுக்கு இங்க வீடு இருக்கு, வேலை இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. என்னுடைய கனவுக்காக இன்னொரு பிள்ளையின் வருடத்தை எரிக்க எனக்கு என்ன உரிமை? அந்த எண்களை அழித்தால் அவள் தேறுவாள், நானும் தேறுவேன். ஆனால் "அது அப்படித்தான்" என்ற சொல்லைத் தாங்க ஏலாமல் பட்டறையை விட்டு வந்தவள் நான். இப்போது நானே என் கையால் அப்படித்தான் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேனா? பேருந்துக் கண்ணாடியில் எங்கள் மூச்சு படிந்து, தெரு விளக்குகள் எல்லாம் கரைந்துபோய்த் தெரிந்தன.

"முடிவு நீயே சொல்லு பிள்ளை. நீ சொல்லுறபடி கையெழுத்து வைக்கிறன்" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குளிருக்குக் கோட்டுப் பையிலிருந்து அந்தச் சிவப்புப் பையை எடுத்தாள். தகட்டை அமத்தினாள்.

டிக்.

தகட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பொட்டு. பொட்டிலிருந்து இலை விரிகிற மாதிரி உறைபனி ஓடி, சிவப்பு இதயம் முழுவதையும் மூடியது.

ஒரு வருடமாக அவள் பக்கத்தில் இருக்கிறேன். எத்தனை தரம் அமத்தியிருப்பாள்! உலகத்துக் கம்பமெல்லாம் பார்த்த நான் இதை மட்டும் பார்க்கவில்லை.

"நஸ்ரின்! அதைத் தா!"

"என்னக்கா, கத்தாதீங்க, எல்லாரும் பாக்குறாங்க."

வாங்கி உள்ளங்கையில் வைத்தேன். கட்டியாகிவிட்டிருந்தது, சூடு ஏறிக்கொண்டிருந்தது. "இது தண்ணியா இருக்கேக்க குளிர்தானே? அமத்தினாப் பிறகு கட்டியாகுது. கட்டியாகேக்க ஏன் சுடுது?"

அவள் வாய் திறந்தபடி நின்றது. கெட்டிக்காரப் பிள்ளை, அடுத்த இரண்டு படிகளையும் அவளே ஏறினாள். "இறுகும்போது சூடு வெளிய வருதுக்கா. எப்பவோ இறுகியிருக்கணும், ஆனா யாரும் தொடாததால சும்மா தண்ணியாவே ஆறிக்கிட்டு இருக்கு. டிக்னு ஒரு இடத்துல ஆரம்பிச்சதும் எல்லாம் ஒண்ணா இறுகி, சூடு மொத்தமா..." திடீரென்று நிறுத்தினாள். "யா அல்லாஹ். நீங்க கிண்டலை. அதனாலதான்!"

"ஓம்!"

"கிண்டியிருந்தா முப்பத்திரண்டுலயே இறுக ஆரம்பிச்சிருக்கும். மத்தவங்களுக்கு அப்படித்தான் ஆச்சு. அக்கா, நம்ம ரீடிங் சரிக்கா!"

இருவரும் பேருந்துக்குள் கட்டிப்பிடித்துக்கொண்டோம். முன்னால் இருந்த ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார். இறங்க வேண்டிய தரிப்பிடம் எப்போதோ போய்விட்டிருந்தது.

அறிக்கையை நஸ்ரின்தான் எழுதினாள். எல்லா எண்களும், விழுந்ததும் ஏறியதும், அப்படியே. கீழே ஒரு வரி எழுத வேண்டும் என்றேன்: தாளில் சொன்னபடி நாங்கள் துழாவவில்லை. அவள் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இதை எழுதியே ஆகணுமாக்கா? இது நம்ம தலையில நாமே மண்ணள்ளிப் போட்டுக்கிற மாதிரி இருக்கு."

"இதை எழுதாட்டி மற்றதுக்குக் காரணமே இல்லைப் பிள்ளை."

பெருமூச்சு விட்டு எழுதினாள். நல்ல வேளை, "நாங்கள்" என்று எழுதினாள். "அக்கா" என்று எழுதவில்லை.

திங்கட்கிழமை வாய்மொழிப் பரீட்சையில் ஆசிரியைக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். நரைத்த தாடி, தூக்கம் கலையாத கண்கள். எங்கள் கோட்டைப் பார்த்தார், கிணற்றில் விரலை வைத்தார். "மின்கம்பி தொடர்பு விட்டுப் போயிருக்கலாம் அல்லவா? நான் ஏன் இதை நம்ப வேண்டும்?"

எனக்கு ஜேர்மன் முழுவதும் மறந்து போயிற்று. நாற்பது வயதுக்கு மேல் ஒரு பள்ளிக்கூட வாங்குப் பலகையில் கைகட்டி இருந்த எனக்கு, கண் முன்னால் உலைக் கதவு திறந்து மூடுவது தெரிந்தது. அப்போது மேசைக்குக் கீழே ஒரு சத்தம். டிக். நஸ்ரின் சிவப்பு இதயத்தை எடுத்துப் பேராசிரியரின் கையில் வைத்துவிட்டாள். "நம்ப வேண்டாம், பிடித்துப் பாருங்கள்" என்றாள், அழகான ஜேர்மனில்.

அவர் பிடித்துப் பார்த்தார். வெண்மை ஓடி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியை அப்போது என் பக்கம் திரும்பி, வழக்கமான கேள்வியைக் கேட்டார். "நீங்கள் என்ன பார்த்தீர்கள்?"

நான் சொன்னேன். கண்ணாடியைச் சொன்னேன், ஜன்னலைச் சொன்னேன், முகில் உடைந்ததைச் சொன்னேன். வினைச்சொல் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கவில்லை, எழுவாய் எங்கோ போய்விட்டது. ஆனால் எந்த எண்ணில் விளிம்பு வெளுத்தது, எந்த எண்ணில் முழுவதும் மூடியது என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். கம்பி கையில் சும்மா நின்றதையும் சொன்னேன்.

வெளியே இருக்கச் சொன்னார்கள். நடைபாதையில் நஸ்ரின் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். நான் எனக்குத் தெரிந்த பிள்ளையாரைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஆசிரியை மட்டும் வந்தார்.

"தாளில் உள்ளதைச் செய்யாததற்குப் புள்ளி குறைத்தோம்" என்றார். நஸ்ரின் என் விரல்களை நசுக்கினாள். "மூன்று. இருவரும் இறுதிப் பரீட்சை எழுதலாம்."

நஸ்ரின் சுவரைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். ஆசிரியை போகப் புறப்பட்டவர், நின்று திரும்பினார். அன்றைக்குத்தான் அவர் சிரித்து நான் கண்டேன். "பேராசிரியர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். இந்த இரண்டு பேரில் துழாவ மறந்தவர் யார் என்று."

அவசரமாகக் கேட்டேன்: "நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"உங்களைச் சொன்னேன். பரீட்சை முடிந்ததும் அவரை எங்கள் பொருளறிவியல் பகுதிக்கு அனுப்பிவையுங்கள் என்றார்."

இறுதிப் பரீட்சை எழுதினோம், இருவரும் தேறினோம், அதே பகுதியில் படித்தோம். பிறகு நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்த காலமெல்லாம் எத்தனையோ கோடுகள் போகக்கூடாத இடத்துக்குப் போயின. வாடிக்கையாளர் அவசரப்படுத்துவார், மேலே இருக்கிறவர் முறைப்பார், புத்தகத்து எண் பக்கத்திலேயே படுத்திருந்து கண் சிமிட்டும். உங்களுக்கும் அந்த நாள் வரும் பிள்ளைகளே. முதலில் உங்கள் கை என்ன செய்தது, என்ன செய்ய மறந்தது என்று தேடுங்கள். அதை வெட்கப்படாமல் எழுதுங்கள். கண்டதை மட்டும் அழிக்காதீர்கள்.

அந்த வாய்மொழிப் பரீட்சை நாளில் மாலை வீட்டுக்குப் போனபோது கணவர் அடுப்படியில் நின்றார். இரவுச் சாப்பாட்டுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு. திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு, முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

"என்ன மாதிரி?"

"பாஸ்."

அகப்பை நின்றது. "எப்பிடி?"

"வெள்ளீயத்தைத் துழாவ மறந்துபோனன். அதால பாஸ். என்னைப் பல்கலைக்கழகத்துக்கு வரட்டாம்."

அவர் தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். வெங்காயம் எப்போதோ வதங்கிவிட்டிருந்தது.

"இஞ்சாரும்," என்றார். "நான் இருவது வருசமாத் துழாவுறன். ஒரு நாள் மறந்தா அடிப்பிடிச்சுப் போகும், வேலையால கலைப்பாங்கள். நீர் ஒரு நாள் மறந்ததுக்கு உமக்குப் பல்கலைக்கழகத்தில இடம் குடுக்கிறாங்களோ?"

சிரித்தோம். இருவரும் அடுப்பை மறந்து சிரித்தோம். அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்துத்தான் போயிற்று. அதைத்தான் சாப்பிட்டோம்.